கேன்சர் வந்த பிறகும் பீடியையும் குவாட்டரையும் விடுறதுல அர்த்தம் இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

செங்கோட்டை பக்கத்துல இருந்து எழுதுறேன். வருஷா வருஷம் பிப்ரவரி 4 கேன்சர் தினம், மே 31 புகையிலை ஒழிப்பு தினம் வந்தா உங்க பேப்பர்ல கேன்சர் பத்தி, புகையிலை பத்தி செய்தி வருது, நானும் விடாம படிக்கிறேன். எல்லாத்துலயும் சொல்றது ஒண்ணுதான், பீடி சிகரெட் குடிச்சா கேன்சர் வரும், தண்ணி அடிச்சா கேன்சர் வரும், போயிலை போட்டா வாய்ல புத்து வரும். அதெல்லாம் சரிதான், சொல்ல வேண்டியதுதான். ஆனா ஏற்கனவே வந்துட்டவங்க வீட்ல என்ன செய்யணும், அந்த மனுஷன் ட்ரீட்மெண்ட் எடுக்கிற நேரத்துல பீடிய தொடர்ந்தா என்ன ஆகும், விட்டா என்ன ஆகும், இத யாரும் எழுதி நான் பார்த்ததே இல்ல. எங்க ஏரியாவுல வாய், நாக்கு, தொண்டை, குரல்வளைன்னு கேன்சர் வந்த குடும்பம் தெருவுக்கு ஒண்ணு இருக்கு. அவங்களுக்காகத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

ஊருக்குள்ள எல்லார் வாய்லயும் வர்ற ஒரு பேச்சு இருக்கு. "வந்தது வந்துட்டு, இனிமே விட்டு என்னத்த ஆவப்போவுது, பாவம் குடிச்சிட்டுப் போறான் விடுங்க." இத நோயாளி சொன்னா கூட பரவால்ல, அவரு பயத்துல சொல்றாரு. பார்க்க வர்ற சொந்தக்காரங்க சொல்றாங்க, கூட்டாளி சொல்றாரு, சில வீட்ல பொண்டாட்டியே சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வர்றவங்க சட்டைப் பைக்குள்ள ஒரு பீடிக்கட்டும் கொண்டாந்து தலைமாட்டுல சொருகிட்டுப் போறத என் கண்ணால பார்த்திருக்கேன். அன்புலதான் செய்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பேச்சு தப்பு, முழுக்க தப்பு. இனிமே விட்டாலும் பலன் இருக்கு, அதுவும் உயிர் பிழைக்கிற அளவுக்கு இருக்கு.

சும்மா மனசு ஆறுதலுக்கு சொல்லல. எங்க அக்கா மக நர்சிங் படிக்கா, அவகிட்ட சொல்லி தேட வச்சு, அவ எடுத்துக் குடுத்தத தமிழ்ல புரிஞ்சுகிட்டு எழுதுறேன். கனடாவுல ஒரு ஆய்வு, 1993ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்தது. தலை கழுத்து கேன்சர் முத்திப்போய் ரேடியேஷன் எடுத்த 115 பேர பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் அதே மாதிரி நோய்தான், ரேடியேஷனும் எடுத்தாங்க. ட்ரீட்மெண்ட் நடக்கும்போதும் சிகரெட்ட விடாதவங்கள்ல நூத்துக்கு 45 பேருக்குத்தான் கட்டி முழுசா கரைஞ்சது, புகைக்காதவங்க, ட்ரீட்மெண்டுக்கு முன்னாடியே விட்டவங்க இவங்கள்ல நூத்துக்கு 74 பேருக்கு கரைஞ்சது. ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, விடாதவங்கள்ல நூத்துக்கு 39, புகைக்காதவங்க, விட்டவங்கள்ல நூத்துக்கு 66. இத நான் மூணு தடவ படிச்சேன் ஐயா. லட்சக்கணக்குல செலவு பண்ணி, வீட்ட அடமானம் வச்சு, நகைய வித்து வாங்குற ட்ரீட்மெண்டோட பலன்ல இவ்வளவு வித்தியாசம் ஒரு பீடியில இருக்குன்னா அத நோயாளிகிட்ட முதல் நாளே சொல்ல வேண்டாமா?

ஏன் அப்படி ஆகுதுன்னா, ரேடியேஷன், எங்க ஊர்ல கரண்ட் வைக்கிறதுன்னு சொல்லுவோம், அது கட்டியில இருக்கிற செல்லக் கொல்றதுக்கு ஆக்ஸிஜன் வேணும். ரத்தத்துல ஆக்ஸிஜன் நல்லா போனாத்தான் அந்தக் கதிரு முழு வேலை செய்யும். பீடி சிகரெட் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, அது போய் ரத்தத்துல ஆக்ஸிஜன் உக்கார வேண்டிய எடத்துல உக்காந்துக்கும். அப்ப கட்டிக்கு ஆக்ஸிஜன் கம்மியா போகுது, கரண்ட் வச்சாலும் செல் சாகாம தப்பிச்சிருது. பீடியில தூள் கம்மி, அதனால சிகரெட்ட விட பரவால்லன்னு நம்ம ஆளுங்க நினைக்காங்க. பீடிக்கு இலைதான் சுத்தியிருக்கு, காத்து உள்ள போறதே கஷ்டம், அணையாம இருக்க இழுத்துக்கிட்டே இருக்கணும், அதனால கார்பன் மோனாக்சைடும் தாரும் நிக்கோட்டினும் சிகரெட்ட விட கூடத்தான் உள்ள போகுதுன்னு சோதனை பண்ணிப் பார்த்தவங்க சொல்றாங்க.

கரண்ட் வைக்கிறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஏன்னா இந்த எடத்துலதான் நெறைய பேர் தோத்துப் போறாங்க. முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்வாங்க, அதப் போட்டு டேபிள்ல அசையாம படுக்க வச்சு இறுக்கிருவாங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒரு தடவ, ஆறு ஏழு வாரம், மொத்தம் 33, 35 தடவன்னு வரும். முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாங்க. மூணாவது வாரத்துல இருந்து வாய் பூரா புண்ணு, எச்சில் கெட்டியாயிரும், அப்புறம் ஊறுறதே நின்னு போயிரும், கஞ்சித்தண்ணி கூட கத்தி மாதிரி இறங்கும், ருசி போயிரும், கழுத்துத் தோலு கறுத்து உரியும். சிலருக்கு மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் சாப்பாடு. அந்தப் புண்ணு மேல புகைய இழுத்தா புண்ணு ஆறாது, கூடும். சாராயம் பட்டா சொல்லவே வேண்டாம். வலி தாங்க முடியாம ஒரு வாரம் வரலன்னு வீட்டுக்குப் போயிருவாங்க, உடம்பு தேறட்டும் அப்புறம் வர்றேன்னு. அந்த நடுவுல விடுற நாள்தான் ஆபத்து, விட்டுப்போன ஒவ்வொரு நாளும் கட்டிக்கு திரும்ப வளர நேரம் குடுக்குறோம். ஆக புகை கதிரோட வேலைய நேரா கெடுக்குது, புண்ண அதிகமாக்கி ட்ரீட்மெண்டையும் நடுவுல நிறுத்த வைக்குது, ரெண்டு பக்கமும் அடி.

ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் இதே கதைதான். தாடைய எடுத்துட்டு தொடையில இருந்தோ நெஞ்சுல இருந்தோ சதை எடுத்து வச்சு தைப்பாங்க, அந்த சதைக்கு ரத்த ஓட்டம் வந்தாத்தான் ஒட்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாய சுருக்குது. தையல் பிரியுறது, சீழ் வைக்கிறது, வச்ச சதை கறுத்துப் போறது இதெல்லாம் புகைய விடாதவங்களுக்கு கூடுதலா வரும். கரண்ட் வச்ச தாடை எலும்பு பின்னாடி செத்துப் போற ஒரு பிரச்சனை இருக்கு, வருஷம் கழிச்சு கூட வரும், அதுக்கும் புகையும் குடியும் ஒரு காரணம். பல்லு சுத்தமா வச்சுக்கணும்னு டாக்டருங்க திரும்பத் திரும்ப சொல்றதும் அந்த எலும்புக்காகத்தான்.

இப்ப குடிக்கு வர்றேன், ஏன்னா பீடிய பத்தியாவது நாலு பேர் பேசுறாங்க, குடிய பத்தி கேன்சரோட சேர்த்து யாரும் பேசுறதே இல்ல. எங்க பக்கம் புளியரை தாண்டி கோட்டவாசல் ஏறினா கேரளா. இங்க டாஸ்மாக், அங்க கள்ளுக்கடை. கள்ளு இங்க தடைங்கிறதால ஆரியங்காவு, தென்மலை பக்கம் வேலைக்குப் போறவங்க சாயங்காலம் கள்ளுக்கடையில உக்காந்து மீன் கறியோட குடிச்சிட்டு வர்றது வழக்கம். கேட்டா, "கள்ளு பனையும் தென்னையும் குடுக்கிறதுதானே, அது உடம்புக்கு நல்லது, பீரு குளிர்ச்சி, பிராந்திதான் கெடுதல்"னு சொல்லுவாங்க. எந்த பாட்டில்ல எந்தக் குடத்துல இருந்து வந்தாலும் உள்ள இருக்கிற ஆல்கஹால் ஒண்ணுதான். உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு ஆல்கஹால கேன்சர் உண்டாக்குற பொருள்னு 1988லயே உறுதியா சொல்லியாச்சு. உடம்பு அத உடைக்கும்போது அசிட்டால்டிஹைடுன்னு ஒண்ணு வருது, அது செல்லோட மரபணுவ கெடுக்கும். இதுல வாய்க்கு என்ன விசேஷம்னா, வாய்ல இருக்கிற கிருமிகளே ஆல்கஹால அசிட்டால்டிஹைடா மாத்திரும், அதனால நாக்கும் தொண்டையும் நேரா அதுல ஊறுது. பல்லு விளக்காம, வாய் சுத்தமில்லாம குடிக்கிறவங்களுக்கு இன்னும் மோசம்.

ரெண்டையும் சேர்த்து செய்றவங்க விஷயம் தனி. ஆல்கஹால் வாய்த்தோல இளக்கி விட்டு புகையில இருக்கிற விஷத்த ஆழமா உள்ள இறங்க விடுது. அமெரிக்காவுல 1988ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, தினம் ரெண்டு பாக்கெட்டோ அதுக்கு மேலயோ சிகரெட்டும் கூடவே நாலு கிளாஸுக்கு மேல மதுவும்னு இருந்தவங்களுக்கு, ரெண்டும் இல்லாதவங்கள விட வாய் தொண்டை கேன்சர் வர்ற அபாயம் 35 மடங்குக்கு மேல இருந்துச்சு. ஒண்ணு ஒண்ணு தனியா குடுக்குற அபாயத்த கூட்டினா இவ்வளவு வராது, பெருக்கினாத்தான் வரும். நம்ம ஊர்ல குவாட்டர் வாங்கினா கூடவே ரெண்டு சிகரெட்டும் வாங்குறதுதான் பழக்கம். ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு வரும், அதனால பீடிய மட்டும் விட்டுட்டேன்னு சொல்லிட்டு குடிய தொடர்ந்தவங்க பாதி பேர் பாரு வாசல்ல நிக்கும்போது பீடிக்கும் திரும்பிட்டாங்க.

கேன்சருக்கு அப்புறமும் குடிச்சா என்ன ஆகும்னா, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு ட்ரீட்மெண்ட் முடிஞ்ச வாய், தொண்டை, குரல்வளை கேன்சர் ஆளுங்கள தொடர்ந்து கவனிச்ச ஒரு அமெரிக்க ஆய்வு 2009ல வந்துச்சு. நோய் தெரிஞ்ச பிறகும் குடிய தொடர்ந்தவங்க விட்டவங்கள விட சீக்கிரம் இறந்திருக்காங்க. ஈரல் கெட்டுப் போகும், சாப்பாடு இறங்காது, எடை குறையும், கீமோ தாங்காது, சாப்பிடுறது மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியா வரும். கேன்சர் குணமாகியும் மனுஷன் போயிருவார். எடைதான் இந்த நோய்ல பாதி உயிரு, குடிக்கிற ஆளு சாப்பாட்ட மதிக்கிறதில்ல, அது எல்லா வீட்லயும் தெரிஞ்ச விஷயம்.

எங்க சித்தப்பா கதைய இங்க சொல்லணும். புனலூருக்கு காய்கறி லோடு அடிச்சிட்டு இருந்தவர். குரல் கரகரன்னு ஆகி ரொம்ப நாளா சளின்னு நினைச்சு மிட்டாய் சப்பிக்கிட்டு இருந்தார். கடைசியில மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில குரல்வளை கேன்சர்னு சொல்லி கரண்ட் வச்சாங்க, நல்லா குணமாச்சு, குரலும் ஓரளவு திரும்ப வந்துச்சு, ஊரே சந்தோஷப்பட்டுச்சு. பீடிய விட்டார், அது நிஜம். குடிய விடல. குணமாயிட்டேனேன்னு கூட்டாளிங்க கூப்பிட்டு கொண்டாடினாங்க. சில வருஷம் கழிச்சு சோறு இறங்கல. போய்ப் பார்த்தா உணவுக்குழாய்ல புதுசா இன்னொரு கேன்சர், பழசு பரவினது இல்ல, புதுசு. அதுல போயிட்டார். ஒருத்தரோட விஷயத்துல இதனாலதான்னு கைய வச்சு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. ஆனா இப்படி ரெண்டாவது கேன்சர் வர்றது இந்த நோய்ல ரொம்ப சகஜம்னும், புகையும் குடியும் தொடர்ந்தா அந்த வாய்ப்பு கூடும்னும் எல்லா டாக்டரும் சொல்றாங்க. வருஷக்கணக்கா உப்புத்தண்ணி பாய்ஞ்ச வயல்ல ஒரு மூலையில பயிர் கருகுனா அந்த மூலைய மட்டும் வெட்டி எடுத்தா போதாது, வயல் பூராவும் உப்பேறித்தான் இருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாம் அதே புகையும் அதே ஆல்கஹாலும் பட்ட எடம்தான். ட்ரீட்மெண்ட் முடிஞ்சு அஞ்சு வருஷம் நல்லா இருக்கிறவங்க உயிர பின்னாடி எடுக்கிறது நெறைய நேரம் இந்த ரெண்டாவது கேன்சரும் நெஞ்சு நோயும்தான். அதனால குணமாயிட்டார்னு சொன்ன அன்னிக்குத்தான் வீட்ல உஷாரா இருக்க ஆரம்பிக்கணும்.

இப்ப வைரஸால வர்ற தொண்டை கேன்சர்னு ஒண்ணு பேசுறாங்க, எச்பிவின்னு, வெளிநாட்டுல அது கூட. அது மருந்துக்கு நல்லா கேக்கும், பிழைக்கிற வாய்ப்பு அதிகம். ஆனா அதுல கூட 2010ல வந்த ஆய்வுப்படி நெறைய வருஷம் புகைச்சவங்களுக்கு அந்த நல்ல வாய்ப்பு குறைஞ்சு போகுது, 2012ல வந்த இன்னொரு ஆய்வுல ரேடியேஷன் நடக்கும்போது புகைச்சவங்களுக்கு இறக்குற அபாயம் ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. அமெரிக்க அரசோட பெரிய சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2014ல வெளியிட்ட அறிக்கையில, கேன்சர் வந்தவங்க புகைச்சா மரணம் கூடும், ரெண்டாவது கேன்சர் கூடும், விட்டா முன்னேற்றம் வரும்னு எழுதியாச்சு. விஷயம் தெரியாத விஷயமே இல்ல, நம்ம ஊருக்கு வந்து சேரல, அவ்வளவுதான்.

இந்த எடத்துல நான் பட்டும் படாமலும் பேச முடியாது. தென்காசி மாவட்டத்துல பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், அத ஒட்டி நெல்லை மாவட்டத்துல முக்கூடல், அந்தப் பக்கம் பூரா வீட்டுத் திண்ணையில பெண்கள் மடியில பீடித்தட்டு வச்சு சுத்திக்கிட்டுத்தான் பிள்ளைங்கள படிக்க வச்சாங்க, கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்க. எங்க அம்மாவும் அப்படித்தான். பீடி சுத்துறவங்கள யாரும் குத்தம் சொல்லக்கூடாது, அவங்க கையில வேற வேலை யாரும் குடுக்கல. அவங்களே அந்தத் தூளோட நெடியில இருமிக்கிட்டு இருக்காங்க. அந்த வீட்டு ஆம்பளைக்கு கேன்சர் வந்தா வீடு பூராவும் பீடித்தூள் வாசனை, கை நீட்டினா கட்டு. அந்த வீட்ல அவர் எப்படி விடுவார்? முக்கூடல்ல பீடித் தொழிலாளர்களுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு, அங்கயும் தென்காசி அரசு தலைமை ஆஸ்பத்திரியிலயும் புகை விட உதவுற ஒரு பிரிவு நல்லா இயங்கணும், அதுக்கு தமிழ்ல பொறுமையா பேசுற ஆள் வேணும், வேலை நேரத்த மாத்தி சாயங்காலத்துல வைக்கணும். கேன்சர் வந்த வீட்டுப் பெண்ணுக்கு ட்ரீட்மெண்ட் முடியுற வரைக்குமாவது வீட்டுக்கு வெளிய வச்சு சுத்துற ஏற்பாடு, இல்ல வேற கைத்தொழில், ஏதாவது செஞ்சு குடுக்கணும்.

விடுறது சுலபம்னு நான் சொல்லவே இல்ல. டாக்டருங்க ரூம்ல "எல்லாத்தையும் நிப்பாட்டிரணும், சரியா"ன்னு ஒரு வரி சொல்லுவாங்க, மலைக்கு இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கம் மலையாளத்துலயும் அப்படித்தான், தலைய ஆட்டிட்டு வெளிய வந்துருவாங்க. நாப்பது வருஷப் பழக்கம் ஒரு வரியில போகுமா. புத்து வந்த பயம், முகம் கோணிப்போன கூச்சம், வேலை போன கவலை, ராத்திரி தூக்கம் வராது, அந்த நேரத்துல அவருக்குத் தெரிஞ்ச ஒரே ஆறுதல் அந்த பீடிதான். திட்டினா ஒளிஞ்சு குடிப்பார், டாக்டர்கிட்ட பொய் சொல்லுவார், டாக்டருக்கு நெஜம் தெரியாம போயிரும். அதனால தயவு செஞ்சு யாரும் "நீதான் வாங்கிக்கிட்ட"ன்னு சொல்லாதீங்க. பீடியும் தண்ணியும் தொடாத ஆளுக்கும் இந்த நோய் வருது. வந்தவங்கள குத்தவாளியா நிக்க வைக்கிறது எந்தக் கேன்சரையும் குணமாக்கல.

உதவி இருக்கு. நிக்கோட்டின் மிட்டாய், பபிள்கம் மாதிரி வர்றது மருந்துக்கடையில கிடைக்குது, ஆனா வாய்ல புண்ணு இருக்கிறவங்களுக்கு அது எரியும், தோல்ல ஒட்டுற பட்டை மாதிரி ஒண்ணு இருக்கு அதக் கேக்கணும், மாத்திரையும் இருக்கு, எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுத்தான். நிக்கோட்டின் பட்டை போடுறதே கெடுதல்னு பயப்படுறாங்க, புகையோட ஒப்பிட்டா அது எவ்வளவோ மேல், அதுல தாரும் கார்பன் மோனாக்சைடும் கிடையாது. குடிக்கு இத விட முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு இருக்கு, தினம் நெறைய குடிக்கிற ஆளு ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கு திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல கை கால் நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியுறது, கட்டில விட்டு எந்திரிச்சு ஓடுறதுன்னு ஆகும், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடிஞ்ச கழுத்தோட ஒரு ஆளு டியூப பிடுங்கிட்டு ஓடுறத நினைச்சுப் பாருங்க. அதனால சேரும்போதே எவ்வளவு குடிக்கிறார்னு வீட்டுக்காரங்க வெக்கப்படாம உள்ளத உள்ளபடி டாக்டர்கிட்ட சொல்லணும், அவங்க அதுக்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் குடுத்து பத்திரமா இறக்குவாங்க. "அவர் எப்பவாவதுதான் டாக்டர்"னு மானத்துக்காக சொல்ற பொய்தான் நாலாம் நாள் ஐசியூவுல கொண்டு போய் விடுது.

வந்த பிறகு பேசுறோம், சீக்கிரம் கண்டுபிடிக்கிறதயும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், ஏன்னா இதுல மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. திருவனந்தபுரம் மாவட்டத்துல 13 பஞ்சாயத்துல 1996ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, அங்க உள்ள ரீஜனல் கேன்சர் சென்டர் நடத்தினது. டாக்டர் கூட இல்ல, பயிற்சி குடுத்த சாதாரண ஆளுங்க வீடு வீடா போய் டார்ச் அடிச்சு வாய திறந்து பார்த்தாங்க, சந்தேகம்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. 2005ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில முடிவு வந்துச்சு, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவங்கள்ல வாய்க் கேன்சரால வர்ற சாவு 34 சதவீதம் குறைஞ்சிருக்கு. டார்ச்சும் கண்ணும் தான் செலவு. செங்கோட்டையில இருந்து ஒரு பகல் பஸ் தூரத்துல நடந்த வேலை, உலகம் பூரா அதப் பத்திப் பேசுது. ஆறாத புண்ணு மூணு வாரத்துக்கு மேல இருந்தா, வாய்க்குள்ள வெள்ளையா சிவப்பா திட்டு இருந்தா, குரல் கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல போனா, கழுத்துல கட்டி தெரிஞ்சா, வாய் முன்ன மாதிரி திறக்க வரலன்னா, உடனே போய் காட்டணும். நம்ம வீடுகளுக்கு வர்ற கிராம சுகாதார நர்சு சுகர் பிரஷர் பார்க்கும்போதே குடிக்கிற, புகைக்கிற, போயிலை போடுற ஆளுங்க வாயையும் ஒரு நிமிஷம் பார்க்கணும்னு மாவட்ட நிர்வாகத்த கேட்டுக்கிறேன்.

இன்னொண்ணு. சிகரெட் பாக்கெட், பீடிக்கட்டுல 85 சதவீதம் எடத்துல எச்சரிக்கைப் படமும் எழுத்தும் போடணும்னு 2016ல இருந்து சட்டம் இருக்கு. மது பாட்டில்ல 2019ல இருந்து வர்ற எச்சரிக்கையில உடம்புக்குக் கேடு, குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு இருக்கு, கேன்சர்ங்கிற வார்த்தை இல்ல. வண்டி ஓட்டாதவங்களுக்கு ஆபத்து இல்லன்னு நினைக்க வைக்குது அது. டாஸ்மாக் கடை வாசல்லயாவது வாய் தொண்டை கேன்சருக்கு மது காரணம்னு ஒரு போர்டு பெருசா வைக்கணும், அரசாங்கம் நடத்துற கடைதானே, வைக்க யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல.

உங்ககிட்ட கேக்குறது சின்ன விஷயம் ஐயா. மலை தாண்டி ட்ரீட்மெண்டுக்குப் போற நம்ம ஆளுங்க கொல்லம் ரயிலயோ நெடுமங்காடு வழியா போற பஸ்ஸையோ பிடிக்க ஸ்டாண்டுல நிக்கும்போது கையில உங்க பேப்பர்தான் இருக்கு. பயத்துல ஒரு எழுத்து மண்டையில ஏறாது, ஆனா ஒரு பெட்டிக்குள்ள பெரிய எழுத்துல இருந்தா கண்ணு போகும். வாரம் ஒரு நாள், "கேன்சர் வந்த பிறகும் புகையையும் குடியையும் விட்டா பிழைக்கிற வாய்ப்பு கூடும், மருந்து நல்லா வேலை செய்யும், டாக்டர்கிட்ட உதவி கேளுங்க"ன்னு போட்டு, கீழ புகையிலை விட உதவுற இலவச நம்பர் 1800112356, குடியில இருந்து மீள உதவுற நம்பர் 14446, இந்த ரெண்டையும் போடுங்க. முதல் நம்பர் பாக்கெட் மேலயே சின்னதா அச்சடிச்சிருக்கு, படம் பயமா இருக்குன்னு திருப்பி வச்சிட்டு குடிக்கிறதால யாரும் பார்க்கிறதில்ல. ஆஸ்பத்திரிக்கு நோயாளிய பார்க்க போறவங்களுக்கும் அதே பெட்டியில ஒரு வரி சேர்த்துருங்க, பீடி கொண்டு போகாதீங்க, பழச்சாறு இல்லன்னா முட்டையும் சத்துமாவும் கொண்டு போங்கன்னு.

இப்படிக்கு
ஒரு வாசகி
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்